சர் கே. எஸ். கிருஷ்ணன்

தமிழருள் பௌதிக நூல் வல்லார் யாவர் என வினவின், மாணவர் நாவில் முதற்கண் எழுவன இராமன், சந்திரசேகர் என்னும் இரு பெயர்களேயாம். அது முறையே. ஆயினும், அவ்விருவரோடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மூன்றாமவர் ஒருவர் உளர். மிஷன் கலாசாலைகள் இரண்டிற் பயின்று, அவற்றுள் ஒன்றிலேயே ஆசிரியப் பணியும் தொடங்கிய அப்பெரியாரை, 1928ஆம் ஆண்டில் இராமனுக்கு உடனிருந்து உதவியவர் என்ற அளவில் மட்டும் அறிந்து அமைகின்றோம். நோபெல் பரிசைத் தவறவிட்டவர் என்று அவர்பால் இரங்குவாரும் உளர். இவ்விரக்கம் பொருந்தாதென்பது எம் துணிபு. அவருடைய சொந்த உழைப்பின் சிறப்பு 1928க்குப் பின்னரே தொடங்குகின்றது. கண்ணுக்குப் புலனாகாத கதிர்களைக் கண்டறியும் பொருள்களுள் தலையாயதொன்றைப் பற்றிய அறிவும் அவ்வுழைப்பினுள்ளே அடங்கியுள்ளது. அதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர் அது. அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, பின் இராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறி, இன்று விருதுநகர் மாவட்டத்துள் அடங்கியுள்ளது. தந்தையார் நிலத்தை உழுவித்து வாழ்ந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். இவ்விரு மொழிப் பற்றும் மைந்தருக்குத் தந்தை வழிச் செல்வமாய் வந்து, இறுதிவரை அவரை விட்டு நீங்காதிருந்தது. கொல்லிமலையின் எடப்புளி நாடு போன்ற இடங்களிலிருந்து மலையிறங்கிக் கலாசாலைக்கு வரும் மாணவர்க்கு, மலையடியூர்ப் பிள்ளை ஒருவர் படிப்படியாய் நகரங்களை நாடிச் சென்ற இக்கதை அயலாகத் தோன்றாதென்று நம்புகின்றோம்.

உயர்தரப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. போதனா முறையிற் பயிற்சி பெறாத ஆசிரியர் ஒருவர், வீட்டிற் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே பரிசோதனைகள் செய்து காட்டித் தம் உள்ளத்தில் விஞ்ஞான வேட்கையை எழுப்பினார் என்று கிருஷ்ணன் பிற்காலத்தே நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத குறையை எண்ணி நாம் பெருமூச்செறியும்போதெல்லாம் இந்த ஆசிரியரை எண்ணுதல் நலம். பின்னர் மாணவர் கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கலாசாலையிற் சேர்ந்தார். அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பௌதிக விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றார். அக்கலாசாலை தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937ஆம் ஆண்டிலேதான். கிருஷ்ணன் காலத்தில் ஜார்ஜ் டவுனில், கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் அணித்தே, நகரின் சந்தடி நடுவே விளங்கிற்று.

பட்டம் பெற்றபின் அங்கேயே இரசாயனப் பகுதியில் செய்முறை ஆசிரியராக அமர்ந்தார். இப்பதவி பெரிதன்று, ஊதியமும் மிகுதியன்று. ஆனால் அவர் தம் நண்பகல் உணவு வேளையை ஒரு கலந்துரையாடலுக்கு ஒதுக்கினார். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய மூன்றில் எதைப்பற்றியும் எவரும் எதுவும் கேட்கலாம் என்பதே அதன் விதி. பாடத்திட்டமும் இல்லை; வருகைப் பதிவும் இல்லை. நாளடைவில் அக்கலாசாலை மாணவர் மட்டுமன்றிப் பிற கலாசாலை மாணவரும் அவ்வேளையில் வந்து கூடலாயினர். மூன்று சாஸ்திரங்களையும் ஒன்றாகக் கண்ட இந்தப் பழக்கம் அவரை இறுதிவரை பிரியவில்லை. அவர்தம் பிற்கால ஆராய்ச்சியைப் பௌதிகம் என்பதா, இரசாயனம் என்பதா எனத் துணிய முடியாதிருத்தற்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டதென்று சொல்லலாம்.

1920ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன் சர்வகலாசாலைப் பேராசிரியராய்ப் பணிபுரிந்துகொண்டே, பௌபஜார் வீதி 210ஆம் எண்ணுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் இளைஞர் பலரைக் கூட்டி ஆராய்ச்சி நடத்திவந்தார். நம் மாகாணத்தினின்று அங்கே சென்றவர் பலர். 1923ஆம் ஆண்டு முடிவில் கிருஷ்ணன் அச்சங்கத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, பற்பல திரவங்களின் ஊடே செல்லும் ஒளி எவ்வாறு சிதறுகின்றதென்பதை அளந்தார். கையாற் செய்யும் வேலையும் கணிதத்தாற் செய்யும் வேலையும் ஒருவரிடத்தே ஒத்து அமைதல் அரிது; அவரிடத்தே அமைந்திருந்தது.

1928 பிப்ரவரி மாதத்தில் நடந்ததைச் சுருங்கச் சொல்லுவோம். திரவங்களிற் சிதறிய ஒளியில், வந்த நிறத்தோடு வேறொரு மங்கலான நிறமும் கலந்திருந்ததைச் சங்கத்தார் சில ஆண்டுகளாகவே கண்டிருந்தனர். அது பொருளிலுள்ள அழுக்கால் எழும் ஒளிர்வோ, அன்றிப் புதியதோர் இயற்கை நிகழ்ச்சியோ என்பது ஐயம். சில மாதங்களாகக் கணித வேலையில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனை இராமன் மீண்டும் பரிசோதனைக்கு அழைத்தார். கிருஷ்ணன் முதலிற் கையில் எடுத்தது ஆந்திரசீன் என்னும் பொருளின் ஆவி. இப்பெயரை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகின்றோம். கதை மறுபடியும் இதனிடமே திரும்பும். ஆந்திரசீன் ஆவி வலிமையாக ஒளிர்ந்தது. ஆனால் அவ்வொளியின் அதிர்வு எத்திசைக்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை. தூய திரவங்களில் எழுந்த மங்கல் ஒளியோ திசைக்குக் கட்டுப்பட்டு அதிர்ந்தது. ஆகவே அது வெறும் ஒளிர்வன்று என்பது தெளிவாயிற்று. பிப்ரவரி 16ஆம் நாளிட்டு இருவர் பெயராலும் எழுதப்பெற்ற குறிப்பு, மார்ச் 31ஆம் நாள் இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகையில் வெளிவந்தது. நிறமாலைக் கருவியால் நோக்கி உறுதி செய்த பிப்ரவரி 28ஆம் நாளை இன்று நாடெங்கும் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகின்றோம். மார்ச் மாதம் பெங்களூரில் இராமன் நிகழ்த்திய விரிவான சொற்பொழிவு அவர் பெயரால் மட்டும் அச்சாயிற்று. 1930ஆம் ஆண்டு நோபெல் பரிசும் அவர் ஒருவர்க்கே வழங்கப்பெற்றது.

இப்பங்கீடு நேரியதா என்று இன்றும் வழக்காடுவார் உளர். வினாவை எழுப்பியவரும், ஆண்டுக்கணக்கில் அதனை விடாது பற்றி நின்றவரும் இராமனே, இதனை மறுப்பதற்கில்லை. ஆய்வுமேசையில் நாள்தோறும் நின்று ஐயத்தை அறுத்த கைகளும் கண்களும் பெரும்பாலும் கிருஷ்ணனுடையவை, இதையும் மறுப்பதற்கில்லை. தமக்கு உரியது மறுக்கப்பட்டதென்று கிருஷ்ணன் எழுதியதாக எதையும் நாம் கண்டதில்லை. அவர் செய்தது வேறு. அவ்வாண்டு டிசம்பர் மாதமே டாக்கா சர்வகலாசாலையில் பௌதிக ரீடராகப் பதவியேற்று, புகழ் அனைத்தும் ஒளிச்சிதறலைச் சூழ்ந்து நின்ற காலத்தே, அதனை விட்டு வேறொரு துறைக்குத் திரும்பினார். அதுவே அவர் வாழ்க்கையின் திருப்பம் என்பது எம் கருத்து.

டாக்காவில் அப்பொழுது பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் சத்தியேந்திரநாத் போஸ். அங்கே பி. சி. குஹா, எஸ். பானர்ஜி என்னும் துணைவரோடு கிருஷ்ணன் தொடங்கிய வேலை, படிகங்கள் காந்தத்தின் முன் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அளத்தல். இரும்பைப் போலக் காந்தத்துக்கு ஓடி வரும் பொருள்கள் சிலவே. பெரும்பாலான பொருள்கள் காந்தத்தை மிக மிக மெல்லத் தவிர்த்து ஒதுங்கும். அவ்வொதுக்கம் படிகத்தின் எல்லாத் திசையிலும் ஒரே அளவினதன்று. ஒரு திசையில் மிகுந்தும், மற்றொரு திசையில் குறைந்தும் இருக்கும். இவ்வேற்றுமையைத் திருத்தமாக அளந்தால் படிகத்தின் உள்ளே மூலக்கூறுகள் எத்திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். நெல் மூட்டையைப் பிரியாமலே உள்ளிருக்கும் மணிகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று சொல்வதை ஒத்தது இது.

அளக்கும் முறையோ வியப்பூட்டும் எளிமை உடையது. குவார்ட்ஸ் என்னும் கல்லை உருக்கி இழுத்தால் மயிரினும் மெல்லிய இழை கிடைக்கும். அவ்விழையின் நுனியில் ஒரு சிறு படிகத்தைக் கட்டி, வலிய மின்காந்தத்தின் இரு முனைகட்கிடையே தொங்கவிடுவர். படிகம் தனக்கு உகந்த திசையில் நின்றுகொள்ளும். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாகத் திருகுவர். காந்தம் விடாது, படிகம் சிறிதே திரும்பிப் பிணங்கி நிற்கும். மேலும் மேலும் திருகத் திருக, தன் முதல் நிலையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை திரும்பியதும் அது தாக்குப்பிடிக்கமாட்டாமல் சடுதியிற் புரண்டுவிடும். புரளும் அத்தருணத்தில் மேல்முனை எத்தனை பாகை திருகப்பட்டிருந்தது என்பதொன்றே குறிக்கவேண்டுவது. இழையின் விறைப்பும், காந்தத்தின் வலிமையும், படிகத்தின் எடையும் தெரிந்தால் மற்றவை கணக்கு. இந்த ஆராய்ச்சிகளின் முதற் பெருங் கட்டுரை 1933ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. டாக்காவைப் போன்ற இடத்தில், ஓர் இழையையும் ஒரு காந்தத்தையும் கொண்டு, மேனாட்டுப் பெரிய ஆய்வுக்கூடங்கள் எக்ஸ் கதிரால் தேடியதை அவர் வேறு வழியாக எட்டினார்.

அவர் அளந்த படிகங்கள் பல. அவற்றுள் நம் கதைக்கு உரியவை தாரிலிருந்து கிடைக்கும் நாப்தலீனும் ஆந்திரசீனும். நாப்தலீன் வேறெதுவும் அன்று. துணிப்பெட்டியில் நாம் இடும் அந்துருண்டையே. பென்சீன் என்பது ஆறு கரி அணுக்கள் வளையமாய்க் கைகோத்து நிற்கும் மூலக்கூறு. அத்தகைய வளையங்கள் இரண்டு ஒட்டியது நாப்தலீன். மூன்று வரிசையாய் ஒட்டியது ஆந்திரசீன். வளையத்தின் தளத்திற்குச் செங்குத்தான திசையில் காந்த ஒதுக்கம் மிகப் பெரிதாகவும், தளத்தின் வழியே சிறிதாகவும் இருக்கக் கண்டனர். காரணம் யாதெனின், இவ்வளையங்களிலுள்ள எலெக்ட்ரன்களுள் சில எந்த ஓர் அணுவுக்கும் அடிமைப்படாமல் வளையம் முழுவதும் பரவி உலவுவனவாம். காந்தத்தின் முன் அவை வளையத்தைச் சுற்றி ஓடிச் சிறு மின்னோட்டம் போல் நடக்கின்றன. இவ்விளக்கத்தை 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலிங்கும் இங்கிலாந்தின் காத்லீன் லான்ஸ்டேலும் தனித்தனியே வரையறுத்தனர். அவ்வாண்டிலேயே லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் கூடி, காந்த அளவைகளிலிருந்து படிகக் கட்டமைப்பை அறியும் முறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். கட்டுண்டும் கட்டற்றும் உலவும் அந்த எலெக்ட்ரன்கள்மீதே நம் கவனத்தை நிறுத்துவோம்.

இதற்கிடையில், 1933ஆம் ஆண்டில் இராமன் பெங்களூருக்குச் சென்றார். கிருஷ்ணன் கல்கத்தா சங்கத்திற்குத் திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். அங்கே காந்தத்தோடு ஒளியையும் சேர்த்துக்கொண்டார். பி. கே. சேஷன் என்பாருடன் கூடி, இவ்வளையப் படிகங்கள் ஒளியை எத்திசையில் எவ்வளவு விழுங்குகின்றன, விழுங்கியதை எந்நிறத்தில் திருப்பி உமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். தூய ஆந்திரசீன் கட்புலனாகாத ஊதாக் கதிரை உண்டு நீல ஒளியை உமிழும். நான்கு வளையமுடைய டெட்ரசீன் மிகச் சிறு அளவு கலந்திருந்தாலும் அந்நீலம் பசுமையாகிவிடும். ஒரு மூலக்கூறு பெற்ற சக்தி படிகத்தின் ஊடே கைமாறிச் சென்று அயலான் ஒருவனிடம் அகப்பட்டுக்கொள்வதே காரணம். 1936ஆம் ஆண்டு வார்ஸாவில் ஒளிர்வு பற்றி நடந்த சர்வதேச மகாநாட்டில் கிருஷ்ணன் கலந்துகொண்டார். 1937ஆம் ஆண்டு ரதர்போர்டு அழைக்கக் கேம்பிரிட்ஜ் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்திலும், வில்லியம் பிராக் அழைக்க லண்டன் ராயல் நிறுவனத்திலும் சொற்பொழிவாற்றினார். 1940ஆம் ஆண்டில் ராயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது.

இனி, கதிரைக் காணும் பொருள்கள் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ரேடியம் முதலியவை வீசும் கதிர்கள் நம் ஐம்புலனுக்கும் எட்டாதவை. 1903ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்ஸ், துத்தநாக சல்பைடு பூசிய திரைமீது ஆல்பாத் துகள் ஒவ்வொன்றும் விழும்போது ஒரு பொட்டு மினுக்கொளி தோன்றுவதை உருப்பெருக்குக் கண்ணாடியாற் கண்டார். ரதர்போர்டின் மாணவர்களான கைகரும் மார்ஸ்டனும் 1909ஆம் ஆண்டில் இருட்டறையில் அமர்ந்து, கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்து, இந்த மினுக்குகளை ஒன்று இரண்டு என எண்ணினர். அணுவின் நடுவே கரு ஒன்று உண்டென்னும் அறிவு அந்த எண்ணிக்கையிலிருந்தே பிறந்தது. ஆனால் மனிதக் கண் களைப்படையும். ஒரு நிமிடத்திற் சிலவற்றையே பிழையின்றி எண்ணும். ஆதலின் கம்பிக் குழாயால் எண்ணும் கைகர் கருவி வந்தபின் மினுக்கொளி முறையைப் பலரும் கைவிட்டனர்.

அம்முறைக்கு மறுவாழ்வு தந்தவர், போரினால் பாழ்பட்ட பெர்லின் நகரில் இருந்த ஹார்ட்முட் கால்மன். 1947ஆம் ஆண்டில் அவர் கண்ணுக்குப் பதிலாக ஒளிபெருக்கிக் குழாயை வைத்தார். ஒரு துளி ஒளியை இலக்கக் கணக்கான எலெக்ட்ரன்களாய்ப் பெருக்கித் தரும் குழாய் அது. திரைக்குப் பதிலாக அவர் வைத்த பொருள் நாப்தலீன் கட்டி, நம் அந்துருண்டையேதான்! துத்தநாக சல்பைடு தன் ஒளியைத் தானே மறைக்கும் பொடி. ஆதலின் மெல்லிய பூச்சாகவே பயன்படும். நாப்தலீனோ ஒளி ஊடுருவும் கட்டி. ஆழ ஊடுருவும் காமாக் கதிரையும் தடுத்து நிறுத்திக் காட்டும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் பி. ஆர். பெல் ஆந்திரசீனை எடுத்தார். அது நாப்தலீனினும் பன்மடங்கு ஒளிர்ந்தது. ஒரு துகள் ஊடே பாய்ந்ததும் ஆந்திரசீன் தரும் மினுக்கு, ஒரு விநாடியை 10 கோடிக் கூறிட்டால் அவற்றுள் ஏறத்தாழ மூன்று கூறளவில் அடங்கிவிடும். அதே 1948ஆம் ஆண்டில் ஹாப்ஸ்டாட்டர், தாலியம் சிறிது கலந்த சோடியம் அயோடைடுப் படிகத்தைக் கண்டார். அவ்வுப்புப் படிகம் காமாக் கதிரின் சக்தியை அளப்பதில் முந்திக்கொண்டது. விரைவில் வளையப் படிகங்களே மேலாயின.

வளையப் படிகம் ஏன் மினுக்குகின்றது? துகள் ஊடே பாயும்போது, வளையத்தைச் சுற்றி உலவும் தளர்ந்த எலெக்ட்ரன்களைக் கிளர்ச்சியுறச் செய்கின்றது. அவை அமைதி எய்தும்போது மிகையான சக்தியை நீல ஒளியாக உமிழ்கின்றன. டாக்காவில் இழையின் நுனியில் தொங்கிய படிகத்தைப் புரட்டியவையும் இந்த எலெக்ட்ரன்களே. கல்கத்தாவில் சேஷனோடு கண்ட ஒளிர்வுக்குக் காரணமானவையும் இவையே. ஆல்பாத் துகளோ புரோட்டனோ ஆந்திரசீன் படிகத்தில் எத்திசையிற் பாய்கின்றதோ அதற்கேற்ப மினுக்கின் அளவும் வேறுபடும். கதிர் அளப்போர் இதனைப் பின்னரே கண்டு கணக்கில் கொண்டனர். படிகத்தின் குணம் திசையைப் பொறுத்தது என்னும் பாடம் கிருஷ்ணன் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வேறோர் இடத்திற் கற்பித்ததன்றோ?

இங்கே மிகைபடக் கூறாதிருத்தல் நம் கடமை. கிருஷ்ணன் கதிர் எண்ணும் கருவி செய்தவரல்லர். ஆந்திரசீனை அப்பணிக்கு அமர்த்தியவரும் அவரல்லர். கால்மனும் பெல்லும் அவருடைய கட்டுரைகளைப் பார்த்துத்தான் தொடங்கினர் என்று சொல்ல நமக்குச் சான்று இல்லை. ஆயினும் ஒரு பொருளைக் கருவியாக்குவதற்கு முன் அப்பொருளின் அகத்தை அறிந்தவர் சிலர் வேண்டும். நாப்தலீன், ஆந்திரசீன் ஆகியவற்றின் உள்ளடுக்கையும் ஒளியியல்பையும், எவ்வகைப் பயனும் கருதாமல் அறிந்துவைத்த சிறு கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் அவர். அறிஞர் உலகில் இப்பணிக்குப் பரிசு அருகியே கிட்டும்.

மினுக்கொளிப் பொருள்கள் இன்று எங்கும் பரவியுள்ளன. கரிமப் பொருள்களின் ஒளியளவைச் சொல்லும்போது ஆந்திரசீனை 100 எனக் கொண்டு மற்றவற்றை அதன் நூற்றுப்பங்காகக் குறிக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. உக்ரைன் நாட்டின் கார்க்கிவ் நகரில் இப்பொருள்களை ஆராய்வதற்கென்றே தனி நிறுவனம் உண்டு. நம் நாட்டில், சேலம், வடஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து தமிழர் திரளாகச் சென்று உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், 1965ஆம் ஆண்டில் வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோ முதன்முதல் அகப்பட்டதும் பிளாஸ்டிக் மினுக்கொளிப் பலகைகளின் துணையாலேதான். அப்பலகைகளின் மினுக்கும் பென்சீன் வளையத்தின் மினுக்கே. உதகமண்டலத்தில் விண்கதிர் ஆராயும் நிலையத்தில் இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 400 பரப்பிவைக்கப்பட்டுள்ளன; அவற்றுக்கு வேண்டிய மினுக்கொளிப் பலகைகளை அங்கேயே வார்த்தும் கொள்கின்றனர்.

கிருஷ்ணனிடம் திரும்புவோம். 1942ஆம் ஆண்டில் அவர் அலகாபாத் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார். அங்கே ஏ. பி. பாட்டியா என்னும் இளைஞரோடு கூடி, உருகிய உலோகங்களில் மின்சாரம் தடைப்படும் விதத்தைக் கணித்தார். அக்காலத்தே அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. பல ஆண்டுகள் கழித்து அத்துறை விரிந்தபோதுதான் அவ்விருவர் கண்ட வழியின் நேர்மை விளங்கிற்று. 1946ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டில், டெல்லியில் எழுந்துகொண்டிருந்த தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக நியமனம் பெற்றார். 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டிய அக்கட்டிடத்தை 1950 ஜனவரியில் பட்டேல் திறந்துவைத்தார். நாட்டின் நீட்டலளவைக்கும் நிறுத்தலளவைக்கும் மூல அளவுகளைக் காக்கும் பொறுப்பு அந்நிலையத்துக்கு உரியது.

1948 ஆகஸ்டில் அமைந்த அணுசக்திக் கமிஷனின் முதல் உறுப்பினர் மூவர். ஹோமி பாபா தலைவர். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் கிருஷ்ணனும் மற்றையோர். ஆந்திரசீன் கதிர் எண்ணும் படிகமாகப் பெயர் பெற்ற ஆண்டும் அதுவே. இவ்வொற்றுமை தற்செயலானது, ஆயினும் இதனை எண்ணி நாம் மகிழாதிருக்கக் கூடவில்லை. 1949ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான மகாநாட்டிற்கு அவர் தலைமை வகித்தார். 1954ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், பின்னர் பட்நாகர் பெயரால் ஏற்படுத்தப்பெற்ற பரிசு முதன்முதல் வழங்கப்பெற்றபோது அப்பரிசும் அவரை வந்தடைந்தன.

நிருவாக நாற்காலியில் அமர்ந்த விஞ்ஞானி ஆய்வுமேசையை மறப்பது பெருவழக்கு. டெல்லியில் அவர் பார்க்க வேண்டியிருந்த கோப்புகளும் கூட்டங்களும் எண்ணிறந்தன. எனினும், எஸ். சி. ஜெயின் முதலான இளைஞருடன் சேர்ந்து, வெற்றிடத்திற் காய்ச்சிய உலோகமும் கரியும் எலெக்ட்ரன்களை எவ்வளவு உமிழும், மின்சாரத்தாற் காய்ச்சிய கம்பியின் நெடுகிலும் வெப்பம் எவ்வாறு பங்கிட்டு நிற்கும் என்பனவற்றை ஆராய்ந்து அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டார். கல்கத்தாவில் என். கங்கூலியுடன் காந்த அளவையால் ஆராய்ந்த பென்சிற்கரி இங்கே மறுபடியும் அவர் கைக்கு வந்தது. ஒரு பொருளை ஒரு முறை பார்த்துவிட்டு ஒதுக்கும் இயல்பு அவர்க்கு இல்லை. ஆந்திரசீன் ஆவியாக வந்தது, படிகமாக வந்தது, காந்தத்தின் முன்னும் ஒளியின் முன்னும் வந்தது.

அவரை அறிந்தோர் அனைவரும் ஒரு முகமாகச் சொல்வது அவர்தம் கல்விப் பரப்பும் அடக்கமும். வடமொழி நூல்களிலும் தமிழ் நூல்களிலும் ஆழ்ந்த பயிற்சியுடையவர். உரையாடலில் நகைச்சுவை மிக்கவர். அவர் பெரிய விஞ்ஞானி என்பதிலும், நிறைவான மனிதர் என்பதே தம்மை வியப்பித்ததென்று நேரு மனமுவந்து பாராட்டியதுண்டு. பதவிகள் அவரை நாடி வந்தன.

1961 ஜூன் மாதத்தில், தமது 63ஆம் ஆண்டில், டெல்லியில் இருதய நோயால் கிருஷ்ணன் திடீரெனக் காலமானார். அப்பொழுதும் அவர் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவே இருந்தார். டெல்லியில் அந்நிலையம் அமைந்துள்ள வீதி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.